அட்டையில் ஒரு வரி

மாற்றுத்துணி இரண்டை மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். போகச் சொன்னால் போய்விட வேண்டியதுதான். அழுகை வருமோ என்று கொஞ்ச நேரம் பார்த்தாள், வரவில்லை.

முன் அறையில் அவள் புருஷன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவளுடைய ஆஸ்பத்திரி அட்டை. கரண்ட் பில் ரசீதைத் தேடப்போய் அவர் கையில் சிக்கியது அது.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மூன்று நாளாக விரல் அதே வரியில் ஊர்ந்துகொண்டிருந்தது. 'கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டது.' பக்கத்தில் ஆறு மாதத்துக்கு முந்திய தேதி.

மூன்று நாளும் தட்டில் போட்ட சோறு பாதி அப்படியே இருந்தது. அட்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலையில் ஓட்டல் லாண்டரியில் ஈர விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து இஸ்திரி உருளைக்குள் விடும்போது, கூட வேலை செய்யும் பொத்தானிடம் சொல்லியிருந்தாள். பிய்ந்த பொத்தான்களைத் தைப்பதும் அவள் வேலை என்பதால் அந்தப் பெயர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவளும் அவள்தான்.

"உள்ளதைச் சொல்லித் தொலையேன்டி. ரெண்டு வருஷமா குழாய் உடைஞ்ச மாதிரி கொட்டுச்சு, மாசவிலக்கு நிக்கப்போற வயசுல சில பேருக்கு இப்படித்தான்னு டாக்டரம்மா சொன்னாங்க. கர்ப்பப்பையை எடுக்க வேணாம், உள்ள இதை வெச்சா மருந்து கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு ரத்தத்தைக் கட்டுப்படுத்தும்னு வெச்சாங்க. அவ்வளவுதானே?"

"அவரு நம்பணுமே."

"ஓட்டல் துணிய விட உன் துணியத்தான் நான் அதிகம் அலசியிருக்கேன். வேணும்னா வந்து சாட்சி சொல்றேன்."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. அடுத்த விரிப்பை எடுத்தாள்.

வைத்ததிலிருந்து ரத்தப்போக்கு குறைந்துகொண்டே வந்து, இப்போது ஒரு சொட்டும் இல்லை. உடம்பு திடீரென்று தீயாகக் காய்வது மட்டும் நிற்கவில்லை. ஆனால் அட்டையில் ரத்தம் என்றோ வயசு என்றோ எழுதவில்லை. கருத்தடை என்றுதான் எழுதியிருந்தது.

அவரோ இருபது வருஷத்துக்கு முன்பே குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர். இரண்டாவது பிள்ளை பிறந்ததும், "உனக்கு உடம்பு தாங்காது, நானே பண்ணிக்கறேன்" என்று தனியாகப் போய்வந்தார். மறுநாளே கிடங்குக்குப் போய் மூட்டை தூக்கினார். ஆபரேஷன் பண்ணின உடம்பா இது என்று கூட இருந்த சுமைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அன்றிலிருந்து அங்கே அவர் பெயர் இரும்பு.

இரண்டே வருஷத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

"சத்தியமா வேற யாரும் இல்லங்க. ஆபரேஷன் சில பேருக்குத் தப்பிப்போயிடுமாம்" என்று காலைப் பிடித்தாள். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. "சரி, விடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

தனியாகப் போய்க் கலைத்துவிட்டு வந்தாள். அவர் படுக்கை முன் அறைக்குப் போயிற்று. வருஷத்தில் ஒன்றிரண்டு தரம் அந்தக் கை தேடி வரும், பேச்சு இருக்காது. அவள் உடம்பு கட்டை மாதிரிக் கிடக்கும்.

வேறொருவன் என்றால் அன்றைக்கே வெட்டிப் போட்டிருப்பான். கேட்காமல் விட்டாரே என்கிற நன்றியில் பதினெட்டு வருஷம் அவர் எதிரில் குரல் உயர்த்தாமலே ஓட்டிவிட்டாள். இன்னொரு தரம் எந்த மனுஷன் பொறுப்பான்?

பையோடு முன் அறைக்கு வந்து நின்றாள்.

"ஏங்க."

அவர் நிமிரவில்லை.

"நீங்க நெனைக்கிற மாதிரி இல்லங்க."

"நான் என்ன நெனைக்கறேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அதான் பையைக் கட்டிட்டேன்."

அப்போதுதான் பையைப் பார்த்தார். நூறு கிலோவுக்கு வளையாத முதுகு ஸ்டூலில் குறுகிப்போனது.

"போறியா?"

"நீங்க போகச் சொன்னா போறேன்."

"நான் எந்த வாயால சொல்றது?"

இந்தத் தரமும் மன்னிக்கிறார் என்று நினைத்தாள். அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. அது ரத்தம் கொட்டாம இருக்கறதுக்கு..."

"வேணாம். எனக்காக ஒண்ணும் மூடி மறைக்காத." அட்டையை அவள் பக்கம் நீட்டினார். "என்னை நம்பிப் பிரயோஜனம் இல்லன்னுதானே நீயா போய் வெச்சுக்கிட்டு வந்திருக்க? அன்னிக்கே என் மூஞ்சில துப்பியிருக்கலாம். தெரிஞ்சும் எனக்குச் சோறு போட்டுட்டு இருந்திருக்க."

"என்னங்க தெரிஞ்சும்?"

அவர் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நான் அன்னிக்கு ஆபரேஷன் பண்ணிக்காம, பயந்துபோய் ஆஸ்பத்திரி வாசலோட திரும்பி வந்துட்டேன்னு உனக்கு யாரு சொன்னா?"