சொந்த வேலை

“நிதியாண்டு முடியற அன்னிக்கு லீவா? இதை எழுதும்போது உங்களுக்குக் கை நடுங்கலையா?”

கணக்கு அலுவலர் விண்ணப்பத்தை மேசைமேல் வைத்து, மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமலிருக்க அதன்மேல் முத்திரைக் கட்டையையும் வைத்தார்.

“நடுங்குச்சு மேடம். மூணு பேப்பர் வீணாப் போச்சு,” என்றான் எதிரே நின்ற இளம் கணக்காளன்.

அவன் தனியாக வரவில்லை. துணைக்குப் பிரிவுக் கண்காணிப்பாளரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தான். அலுவலரின் கோபத்துக்கு எதிரே நின்று சிரிக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

“காரணம் ‘சொந்த வேலை’ன்னு போட்டிருக்கீங்க. அப்படி என்ன வேலை?”

“கல்யாணம் மேடம்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

கண்காணிப்பாளர் துள்ளிக் குதிக்காத குறை. “அடப்பாவி! சொந்தக் கல்யாணத்தையா ‘சொந்த வேலை’ன்னு எழுதினே? என்கிட்டகூடச் சொல்லலையேடா!”

வெளியே கீபோர்டுகளின் சத்தம் சட்டென்று நின்றது. தடுப்புக்கு மேலே ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது.

அலுவலர் முகத்தில் மாற்றமே இல்லை. “நல்ல விஷயம்தான். ஆனா அந்தத் தேதியை யார் குறிச்சது?”

“ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் நேத்து சாயங்காலம் உட்கார்ந்து பேசி முடிச்சுட்டாங்க மேடம். மண்டபம் அன்னிக்கு மட்டும்தான் காலியா இருந்துச்சாம்.”

“ஏன் காலியா இருக்குன்னு யோசிச்சாங்களா? கணக்குத் துறையில இருக்கறவங்க யாரும் அன்னிக்குக் கல்யாணம் வெச்சுக்க மாட்டாங்க. அதான் காலி. சரி, பொண்ணை ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

“பொண்ணு வேலையில இருந்துச்சாம் மேடம். சரின்னுதான் சொல்லும்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க.”

“நீங்க கேட்டிருக்கலாமே?”

“பயமா இருந்துச்சு மேடம்.”

கண்காணிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். “தாலி கட்டறதுக்கு முன்னாடியே பயமா? நீ உருப்பட்டாப்பலதான்!” பிறகு குரலைத் தாழ்த்தி அலுவலரிடம் திரும்பினார். “மேடம், தங்கமான பையன். அன்னிக்கு இவன் சீட்டையும் நானே பார்த்துக்கறேன். நீங்களும் புது நிதியாண்டுலேர்ந்து ஓய்வூதியப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிட்டீங்க. போறப்போ ஒரு நல்ல காரியம் பண்ணிட்டுப் போகக்கூடாதா?”

“போற வரைக்கும் இந்தப் பிரிவுக்கு நான்தான் சார் பொறுப்பு.”

அலுவலர் பக்கத்தில் குவிந்திருந்த பில்களின்மேல் கையை வைத்தார்.

“அன்னிக்கு ராத்திரிக்குள்ள இதையெல்லாம் பாஸ் பண்ணலைன்னா, ஒதுக்கின நிதி திரும்பிப் போயிடும். அப்புறம் பள்ளிக்கூடத்துக்குக் கூரையும் கிடையாது, ஆஸ்பத்திரிக்கு மெஷினும் கிடையாது. போன வருஷம் என்ன ஆச்சு, மறந்துட்டீங்களா? குழந்தைங்க ஆஸ்பத்திரியோட இன்குபேட்டர் பில்லு, டாக்டர் கையெழுத்தே இல்லாம கடைசி நேரத்துல வந்துச்சு. திருப்பி அனுப்பிட்டு நாம வீட்டுக்குப் போயிருக்கலாம். விதிப்படி அதுதான் சரி.”

“போகலையே மேடம்! இவன்தான் கொட்டற மழையில ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ஓடினான்.”

“ஆமா. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல காத்துக்கிடந்து கையெழுத்து வாங்கிட்டு வந்தார். பில்லைச் சட்டைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்தார். அதுமேல ஒரு சொட்டுத் தண்ணி படலை. இவர் மட்டும் தெப்பமா நனைஞ்சு, தும்மிக்கிட்டே ‘பாஸ் பண்ணிடலாமா மேடம்’னு கேட்டார்.”

அலுவலரின் குரல் இளகியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அந்த மாதிரி ஒரு ஆளை அன்னிக்கு எப்படி சார் வெளியில விடுவேன்?”

கணக்காளனின் காதுகள் சிவந்துபோயின. “நீங்க சொல்றது நியாயம்தான் மேடம்.”

“நியாயம்னு தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு இந்த விண்ணப்பம்?”

“கேட்டாவது பாருடான்னு அம்மா சொன்னாங்க. கேட்காமலே விட்டுட்டா, எனக்குக் கல்யாணத்துல ஆசையே இல்லாத மாதிரி ஆயிடுமில்லையா மேடம்?”

அலுவலர் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார். சிவப்பு மை பேனாவை எடுத்து, ‘அலுவல் அவசரம் கருதி விடுப்பு மறுக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தடுப்புக்கு வெளியே ‘ச்சே’ என்று ஒரு பெருமூச்சு எழுந்தது. “கல் நெஞ்சம்மா,” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கண்காணிப்பாளர் மட்டும் விடுவதாக இல்லை. “மேடம், பொண்ணு வீட்டுல என்ன நினைப்பாங்க? மண்டபம்வரைக்கும் பேசியாச்சு. இவனுக்கோ வாயே வராது. அங்க போய் இதை யார் சொல்றது?”

“நானே சொல்றேன்.”

அலுவலர் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். தடுப்புக்கு வெளியே இருந்தவர்கள் இப்போது கூச்சமே இல்லாமல் வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்கள். கணக்காளன் குனிந்த தலை நிமிரவில்லை. அவன் தோள் குலுங்குவதைப் பார்த்த கண்காணிப்பாளர், “அழாதடா, ஆம்பளப் பையன் அழலாமா?” என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

“அப்பா, நான்தான் பேசறேன். தேதியை ஒரு வாரம் தள்ளி வைங்க. மாப்பிள்ளைக்கு அன்னிக்கு லீவு கிடையாது. எனக்கும்தான்.”