மனைவியைத் தெரியாத மென்பொருள்

அகின்லாபி நைஜீரியாவின் இக்போ-ஓராவில் பள்ளி ஆசிரியர். பொழுதுபோக்கு, கேமரா. எடுத்துக் குவித்த பதினோராயிரம் படங்களைத் திருத்தி அடுக்கிவைக்க இரண்டு மென்பொருள்களை ஒரு மாதம் இலவசமாகப் போட்டுப் பார்த்தார். கெடு இன்றோடு முடிகிறது.

"முதலாவதையே வாங்குங்க," என்றாள் மனைவி கெஹிண்டே.

"அதுல கலர் திருத்தவே வரலை. ரெண்டாவதுதான் பிரமாதம். முகத்தைப் பார்த்து ஆளாளுக்குப் பிரிச்சு வச்சுடுது. ஒரே ஒரு இடத்துலதான் இடிக்குது. நான் முதன்முதலா உன்னைப் பார்க்க வந்த அன்னிக்கு எடுத்த ஒன்பது படத்துலயும் இருக்கறது நீ இல்லையாம். இவர் யாருன்னு கேக்குது."

"பொண்டாட்டியையே தெரியாததுக்குக் காசு வேற அழணுமா? தூக்கிப் போடுங்க."

அகின்லாபி சிரித்துக்கொண்டே அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பெயரைத் தட்டினார். தாய்வோ.

கெஹிண்டேயோடு பிறந்த இரட்டை அவள்.

"எப்பத் தெரியும்?" என்றாள் கெஹிண்டே.

"கல்யாணத்துக்கு மறுநாளே. நான் பார்க்க வந்த அன்னிக்கு அவ மூணு உருண்டை களி சாப்பிட்டா. நீ ஒண்ணுலயே எழுந்துட்டே."

"பதினாலு வருஷமா ஏன் கேக்கலை?"

"கேக்க என்ன இருக்கு? நம்மூர்ல இரட்டைல பின்னாடி பிறக்கறவதானே மூத்தவ? உலகம் எப்படியிருக்குன்னு பார்த்துட்டு வான்னு தங்கச்சியை முன்னாடி அனுப்பினவ நீ. என்னைப் பார்க்க மட்டும் நீயே வந்துடுவியா?"

கெஹிண்டே சிரித்துவிட்டாள்.

"நல்ல ஆளுன்னுதான் வந்து சொன்னா. குறட்டையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை."