முதுகில் இருக்கும் ஜிப்

டோக்கியோ திரையரங்கில் பகல் காட்சி முடிந்து விளக்குகள் எரிகின்றன. படத்தில் வேற்றுக்கிரகப் பிராணி செத்துப்போன துக்கத்தில் அரங்கமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. மேடையில் அதே பச்சைப் பிராணி நிற்கிறது. ரப்பர் உடுப்புக்குள் இருப்பவர் ஐம்பத்து மூன்று வயது நடிகர் குராமோச்சி. வியர்வை கண்ணில் கரிக்கிறது. ஜிப் முதுகில் இருக்கிறது; அவர் கை எட்டாது. பக்கத்தில் இயக்குநர் ஹதாகெனாகா, புகைப்படக்காரர்கள் பக்கமாகத் திரும்பிக் கண்ணை ஒற்றிக்கொள்கிறார். "அடுத்தவங்க தோலுக்குள்ள புகுந்து பாருங்க. அவங்க வலி உங்க வலியாயிடும். என் படம் கேக்கிறது அவ்வளவுதான்!" கைதட்டல் அடங்குமுன் குராமோச்சி ரப்பர் விரலால் அவருடைய கோட்டைச் சுரண்டுகிறார். "டைரக்டர், மூச்சு முட்டுது. ஜிப்பை இறக்கிவிடுங்க." "பத்தே நிமிஷம். உள்ள மனுஷத் தலை தெரிஞ்சா ஜனங்க அழுகை நின்னுடும்யா" என்று உதடு அசையாமல் சொல்லிவிட்டு, இயக்குநர் மீண்டும் மானுட நேயத்துக்குத் திரும்புகிறார். குராமோச்சியின் முழங்கால்கள் மடங்குகின்றன. பச்சை உடல் தரையில் சரிகிறது. ஒரு கை முதுகுப் பக்கம் துழாவித் துழாவித் தொய்கிறது. முன்வரிசைப் பெண் ஒருத்தி விம்முகிறாள்: "ஐயோ, என்னமா துடிக்குது பாரு!" அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. இயக்குநர் மண்டியிட்டுப் பிராணியைக் கட்டிக்கொண்டு அதன் காதில் கிசுகிசுக்கிறார்: "பிரமாதம், குராமோச்சி சான். அப்படியே கிடங்க, படம் எடுக்கிறாங்க."