ஆராய்ச்சிக்கு எடுத்த பெண்

அன்று ஏற்காட்டு மலைக் கிராமமான தலைச்சோலையில் அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஐயாக்கண்ணு, அவர் மனைவி கண்ணாயி, தம்பி சக்தி, சேலத்துக் கல்லூரி ஆசிரியை சசிரேகா. ஐந்தாவதாக ஒருவர் இருந்ததாகச் சொல்பவன் பொய் சொல்கிறான்.

சசிரேகா பொன்னாடையை விரித்து ஐயாக்கண்ணுவின் தோளில் போர்த்தினார். "உங்க தீபிகா மாதிரி பிள்ளைங்க இல்லைன்னா எங்க ஆராய்ச்சியே நடந்திருக்காதுங்க ஐயா. அதுக்குப் பரிசு குடுத்திருக்காங்க."

ஐயாக்கண்ணு முதுகை வளைக்காமல் அதை ஏற்றுக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் யாரும் குனிந்து எதையும் வாங்கியதில்லை.

"கேட்டுக்கடா சக்தி. எம் பொண்ண ஆராய்ச்சிக்கு எடுத்திருக்காங்கன்னு முந்தா வருசம் ஊர்க்கூட்டத்துல சொன்னப்ப நீ சிரிச்சியே."

"அப்பச் சிரிக்கலீங்கண்ணா. அவ நாலு பாடத்துல கோட்டை விட்டப்பத்தான் ஊரோட சேந்து சிரிச்சேன்."

கண்ணாயி காப்பி கொண்டுவந்து வைத்தாள். "அது என்ன ஆராய்ச்சிங்க அம்மிணி? இவரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கலை."

"பாடம் நடத்துறதைப் பத்தித்தானுங்கம்மா. மலைப் பிள்ளைங்க, கிராமத்துப் பிள்ளைங்க எல்லாம் முதல் வருசமே ஏன் திணறுதுங்கன்னு ரெண்டு வகுப்பை வெச்சுப் பாத்தோம். முதல்ல தமிழ்ல விளக்கிட்டு அப்புறம் இங்கிலீசுல நடத்துனா, அத்தனை பேரும் தேறிடறாங்க. இனிமே எல்லா வகுப்புலயும் அப்படித்தான்."

"நல்ல காரியம்," என்றார் ஐயாக்கண்ணு.

"பக்கத்து வகுப்புக்கு மாத்தி விடுங்கன்னு கேட்டாளாம். நீங்க முடியாதுன்னுட்டீங்களாம்," என்றாள் கண்ணாயி. "ஊட்டுக்கு வந்து நொம்ப அழுதாளுங்க."

"பெஞ்சு மாறுனா புத்தி வந்துருமா? சும்மா இரு," என்று ஐயாக்கண்ணு மனைவியை அதட்டினார்.

சசிரேகா காப்பியைத் தொடவில்லை. "தீபிகா எங்கீங்க? திரும்பக் கூட்டிட்டுப் போகத்தான் நேர்ல வந்தேன். திங்கக்கெழமை வகுப்புக்கு வந்துட்டா, விட்ட நாலு பாடத்தையும் இந்த வருசமே எழுதி முடிச்சிருவா."

கண்ணாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாழப்பாடியில கட்டிக் குடுத்தாச்சுங்க," என்றான் சக்தி. "ரெண்டாந்தாரம். மூத்தவ புள்ளைங்க ரெண்டு. அடி தாங்காம போன மாசம் பஸ் ஏறி ஓடி வந்தா. அண்ணன் வாசப்படி ஏற விடாம திருப்பி அனுப்பிட்டாரு."

ஐயாக்கண்ணு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். "உங்க மேல குத்தமில்லீங்க. நீங்க தமிழ்லயே சொல்லிக் குடுத்தும் அவ மண்டையில ஏறலை. ஆராய்ச்சிக்குப் போன பொண்ணு தோத்துட்டு ஊட்டுல குந்தியிருந்தா எங்க பேரு என்னாவுறது? அவளுக்குப் படிப்பு வராதுன்னு ஏற்காடு வரைக்கும் நானேதான் சொன்னேன்."

சசிரேகா எழுந்து நின்றார்.

"அது தப்புங்க ஐயா. தமிழ்ல சொல்லிக் குடுக்காத வகுப்புல அவளை நாங்கதான் சீட்டுக் குலுக்கிப் போட்டோம்."