நீலம் பத்தலை

"அம்மா, இந்த மலைக்கு என்ன வியாதி?"

மகள் கேட்டதில் தப்பில்லை. கணினித் திரையில் மலை கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. ஏரியைப் பார்த்தால் சொட்டு நீலம் பாட்டிலோடு கவிழ்ந்த மாதிரி இருந்தது.

"வியாதியும் இல்லை, ஒண்ணும் இல்லை. இதுக்குப் பேரு எச்.டி.ஆர்," என்றாள் அம்மா. "ஒரே இடத்தை வெளிச்சம் கூட்டி ஒண்ணு, குறைச்சு ஒண்ணு, நடுவாந்தரமா ஒண்ணுன்னு எடுத்து, எல்லாத்தையும் ஒண்ணா சேர்க்கணும். அப்பதான் வானமும் தெரியும், மரத்தடி நிழலும் தெரியும்."

"நல்லாவே தெரியுது. பக்கத்துத் தெரு வரைக்கும் தெரியும்."

வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் பெயர்களையே டைப் அடித்தவள் அம்மா. ஓய்வு பெற்ற கையோடு புகைப்பட வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பு முடிவில் ஒரு கண்காட்சி. மாஸ்டர் தேர்ந்தெடுக்கும் படங்களுக்கு மட்டும்தான் சுவரில் இடம். அந்தச் சுவரில் தன் படம் தொங்க வேண்டும், அதற்குக் கீழே தன் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

முதலில் காட்டிய படத்தை மாஸ்டர் திரையில் மூக்கு உரசப் பார்த்தார். "மங்கலா இருக்கும்மா. நீலம் பத்தலை," என்றார். அன்றைக்கு அவருக்கு மனசு சரியில்லையோ என்னவோ என்று, அடுத்த வாரமும் அதையே நீட்டினாள். அதற்கடுத்த வாரமும் நீட்டினாள். "பத்தலை" என்றார். வேறு வழியில்லாமல் நீலத்தை ஏற்றினாள். "இன்னும்" என்றார். ஏற்றிக்கொண்டே போனாள். நேற்றுதான், "அடடா, இதுதான் படம்!" என்று தேர்வு செய்தார்.

"சரி, உனக்கு இது அழகா தெரியுதா?" என்றாள் மகள்.

"முதல்ல கண்ணு கூசிச்சுடி. இப்ப பழகிடுச்சு."

"பழகிடுச்சா? போச்சுடா! கிளம்பு, கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

ஒரு மாதம் கழித்துத்தான் டாக்டரைப் பார்க்க நேரம் கிடைத்தது. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்தார். "புரை இருந்தாத்தான் நீலம் மங்கலாத் தெரியும். உங்க அம்மா கண்ணுல ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனா உங்க கண்ணுக்குத்தான் கண்ணாடி வேணும்," என்றார்.

வெளியே வந்தால், மருந்து கொடுக்கும் இடத்தில் கறுப்புக் கண்ணாடியோடு மாஸ்டர்! எப்போதுமே ஸ்டைலான ஆள்தான்.

"நல்லவேளை, வந்தீங்க! அழைப்பிதழ்ல உங்க படத்தைத்தான் போடப்போறேன். போன்ல இருக்கா?"

அம்மா பூரித்துப்போய் நீட்டினாள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். பார்த்தவர் முகம் சுருங்கியது.

"ஐயய்யோ! என்னம்மா இது கண்றாவி? யாரு இதைச் சரின்னு சொன்னது?"

அம்மா போனை வெடுக்கென்று இழுத்தாள். அவசரத்தில் விரல் பட்டு அடுத்த படம் வந்தது. நீலம் ஏற்றாத அந்த முதல் படம்.

"அட, அட! இதுல்ல படம்! சுவருக்கு இதுதான் போகுது. ஏம்மா, இதை என்கிட்ட காட்டவே இல்லையே?"

"மூணு தடவை காட்டினேன், மாஸ்டர்."

அவர் போனை வாங்கி மூக்கருகே கொண்டுபோகும்போதே, உள்ளேயிருந்து நர்ஸ் ஓடி வந்தாள்.

"சார்! ரெண்டாவது கண்ணுலயும் புரை எடுத்து முழுசா நாலு நாள் ஆகலை, அதுக்குள்ள போன் பார்க்கறீங்களா?"