கத்தும் படகு

மெர்போக் ஆற்றங்கரையில் அலுமினியப் படகும் கண்ணாடியிழைப் படகும் மாலை வெயிலில் கவிழ்ந்து கிடக்கின்றன. சீமைக்குத் திரும்பிய தோட்டத் துரை விட்டுப்போனவை. விற்றுக்கொடுக்கும் சிக்கந்தர் நானா இரண்டையும் விரல் முட்டியால் தட்டிக் காட்டுகிறார். அலுமினியம் நெடுநேரம் அதிர்கிறது. மற்றது மூச்சுவிடவில்லை. "இத எடுங்க தம்பி. துடுப்பு பட்டாலும் சத்தமே வராது லா. பக்கத்துல போனாக்கூட மீனுக்குத் தெரியாது." வகுப்பிலிருந்து நேரே வந்த என் விரல்களின் சாக்கட்டித் தூள் அந்த வழுவழுப்பில் வெள்ளையாகப் படிகிறது. போன மாதம் ஊரடங்கு தொடங்கும் நேரத்தில் என் மனைவி பஷீரா தாய்வீட்டிலிருந்து மரப்படகில் ஓசையில்லாமல் வந்தாள். காட்டுக் கிளர்ச்சிக்காரர்களை எதிர்பார்த்துக் கரையில் காவலுக்கு நின்ற சிப்பாய், படகு மிக அருகில் வந்த பிறகே கண்டு, பயந்து அவளைச் சுட்டுக் கொன்றுவிட்டான். "அலுமினியம் போதும் நானா." "அது ஆறு பூரா கத்துமே தம்பி." "கத்தட்டும். கரையில நிக்கிறவனுக்குக் கேக்கட்டும்." நானா கண்ணாடியிழைப் படகின்மேல் சாக்கை இழுத்து மூடுகிறார்.