சாக்பீஸ் கோட்டுக்கு இந்தப் பக்கம்

வகுப்பறையின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு. இந்தப் பக்கம் ஆறு வயது, தாண்டினால் ஏழு. தாண்டியவர்கள் ஏழு வயது ஆளாகவே நடந்து, அதற்குள் என்ன கற்றுக்கொண்டோம் என்று நடித்துக்காட்ட வேண்டும். வாரம் ஒருமுறை வரும் நாடக டீச்சரின் விளையாட்டு இது. ஷூக்களெல்லாம் வெளியே கிடக்கின்றன. மின்விசிறி கடகடக்கிறது. மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளமாக வரைந்திருக்கிறது. வாண்டு ஒருவன் ஒரே தாவலில் தாண்டி, அப்பாவைப் போலக் கனைத்துக்கொண்டு, "இப்பல்லாம் ஷூ லேஸ் நானே கட்டிக்கிறேன்," என்கிறான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அடுத்து இரட்டைச் சடைக்காரி. கோடு வரை வந்தவள் நின்றுவிடுகிறாள். வலது கை யாரையோ பிடித்திருப்பதுபோல மூடியிருக்கிறது. "யாரும்மா அது?" "அண்ணன்." கற்பனையில் யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் நாடக டீச்சருக்குக் கிடையாது. "அப்போ அவனையும் கூட்டிக்கிட்டு வா!" என்று இரு கைகளையும் நீட்டுகிறாள். வாசலில் நிற்கும் வகுப்பு டீச்சர் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவதை அவள் பார்க்கவில்லை. "அவன் வரமாட்டான் மிஸ். அவனுக்கு இனிமே வயசே ஏறாதுன்னு அம்மா சொன்னாங்க. எப்பவும் ஏழுதான். நானும் ஏழாயிட்டா, அப்புறம் எப்படி அண்ணான்னு கூப்பிடுறது?" நீட்டிய கைகளை மடக்கத் தெரியாமல் நிற்கிறாள் நாடக டீச்சர். சிறுமி குனிந்து, கோட்டில் பட்டுவிட்ட கால் கட்டைவிரலைப் பின்னால் இழுத்து, அதில் ஒட்டிய வெள்ளையை இடது கையால் துடைக்கிறாள். வலது கையை விடவில்லை.